கோழி வெட்டுவதைப் பார்க்க முடியாது, கொலைத் தொடர் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 31 வயதுப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, குழந்தையும் தூங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடர்கொலைகாரர்களைப் பற்றிய ஆவணத்தொடர் ஒன்றை ஓடவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழியைக் கூண்டிலிருந்து எடுக்கும்போதே ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார். "உனக்குள்ள என்னமோ இருக்கு" என்று கணவர் விளையாட்டாகச் சொன்னது தைத்துவிட்டது. கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல இன்னொன்று: கோபம் வருகிற நாள்களில், தனக்கு வேண்டாத ஒருவரை அந்தக் காட்சிகளுக்குள் வைத்துக் கற்பனை செய்து பார்ப்பதுண்டாம். "மனிதர்களுக்கு ஏன் இப்படிக் கொடூரமான கதைகள் பிடிக்கின்றன?" என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். அவர் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியை என்று நினைக்கிறேன். "எனக்கு இது பிடிக்கிறது என்றால் நான் எப்படிப்பட்டவள்?"

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். மருத்துவ உளவியல் படித்தவன். முதலில் ஒரு மாவட்ட மருத்துவமனையிலும் அப்புறம் சொந்த அறையிலுமாக 19 வருடமாக மனிதர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மருந்து எழுதித் தருகிற டாக்டர் அல்ல. ஒருவரை நேரில் பார்க்காமல் "உங்களுக்கு இது இருக்கிறது, இது இல்லை" என்று சொல்வது என் தொழிலில் தப்பு. ஆகவே கீழே எழுதுவது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. இந்த விஷயத்தில் எது உறுதியானது, எதில் இன்னும் ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் அறையில் நான் எதைக் கவனிப்பேன், இவ்வளவுதான்.

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பதில் உறுதியாக இருக்கிறது. 1978இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன், பத்மால் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் (டி சில்வா இலங்கைக்காரர்) எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத எண்ணங்கள் உங்கள் மனத்துக்குள் புகுவதுண்டா என்று கேட்டார்கள். பத்துக்கு எட்டுப் பேர் உண்டு என்றார்கள். ரயில் வரும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன, கையில் இருக்கிற கத்தியை எதிரே இருப்பவர்மேல் பாய்ச்சினால் என்ன என்கிற ரகம். சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணங்களையும் இவர்களுடைய எண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, எது நோயாளியுடையது, எது ஆரோக்கியமானவருடையது என்று உள்ளடக்கத்தை வைத்துச் சொல்வது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு நேரம் பிடித்து ஆட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. அவை தானாகவே வந்து மிரட்டுகிற எண்ணங்கள். நீங்கள் சொல்வது, கோபத்தில் நாமே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிற படம். அதற்கும் கணக்கு இருக்கிறது. 1993இல் அரிசோனாவில் டக்ளஸ் கென்ரிக், விர்ஜில் ஷீட்ஸ் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் யாரையாவது கொல்வதுபோலக் கற்பனை செய்ததுண்டா என்று கேட்டார்கள். ஆண்களில் மட்டுமல்ல, பெண்களிலும் பாதிக்கு மேல் உண்டு என்றார்கள். அவர்கள் யாரும் கொலைகாரர்கள் இல்லை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

என் அறையில் இது வெளியே வருகிற விதம் எப்போதும் ஒன்றுதான். முக்கால் மணி நேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, எழுந்திருக்கப் போகும்போது, "கதவு சாத்தியிருக்கா சார்?" என்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இந்த ரகசியத்தைத் தான் ஒருவர்தான் சுமக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. அன்று காலையிலேயே அதே நாற்காலியில் இன்னொருவர் அதையே சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

சரி, பொதுக்கேள்விக்கு வருவோம். அதில் "கதைகள்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மனிதர்களுக்கு வன்முறை பிடிப்பதில்லை. இதைச் சொன்னால் என்ன உளறுகிறீர்கள் என்பார்கள், அதனால் ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். ஜோனதன் ஹைட், கிளார்க் மெக்காலி, பால் ரோஸின் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1990களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குச் சில வீடியோக்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் மாடு வெட்டும் கூடம். ஒன்றில் உயிருள்ள குரங்கின் தலையில் அடித்து மூளையை உணவாகப் பரிமாறுகிறார்கள். இன்னொன்றில் ஒரு குழந்தையின் முகத்தில் நடக்கும் அறுவை சிகிச்சை. எல்லாம் நிஜம், நடிப்பு இல்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். இவர்கள், காசு கொடுத்து இதைவிடப் பல மடங்கு ரத்தம் கொட்டும் படங்களுக்குப் போகிற அதே வயதுப் பிள்ளைகள். ரத்தத்தின் அளவு முக்கியம் என்றால் இது நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். ரத்தத்தைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியமாக இருந்தது. பின்னணி இசை, வெட்டி ஒட்டிய காட்சிகள், கதை சொல்லுகிற குரல், இது முடியும் என்கிற நிச்சயம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலி. கறிக்கடையில் அது கிடையாது. கோழிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டடி தூரமும் ஒரு மரக்கட்டையும்தான். ஆகவே உங்களிடம் முரண்பாடு எதுவும் இல்லை.

இதை நான் புத்தகத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. சித்திரை வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியெல்லாம் கூத்து நடக்கும், கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு முன்னால் இருக்கும் பொட்டலில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருப்பார்கள். எட்டு வயதில் எனக்கு அது ஒரு மலை. மீசை மட்டுமே என் கை நீளம் இருக்கும். தொடைக்குள்ளே சிவப்பு நீர் வைத்த கலயம் புதைத்திருக்கும், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் முதல் நாள் சாயந்திரம் அதை வைக்கும்போது நாங்கள் கூடவே நின்று வேடிக்கை பார்த்திருப்போம். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி வந்து, தொடையில் ஓங்கி ஒரு அடி. சிவப்பு பொங்கும். விரிந்த தலையோடு நிற்கிற திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிவாள். கூட்டம் எழுப்புகிற சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். என் பாட்டி அழுதுகொண்டே குலவை போடுவார். முடிந்ததும் பெண்கள் போய் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சுக்குக் காப்பி வாங்கியாடா" என்பார். ரோட்டில் அடிபட்ட நாயைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காத மனுஷி அவர்.

பாட்டிக்கும் உங்களுக்கும் நடப்பது ஒன்றுதான் என்பது என் கருத்து. அதை உடம்பிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன். பயப்படும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பயம் போனவுடன் உடம்பு உடனே அடங்குவதில்லை, அந்தப் படபடப்பு கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். அதன்மேல் வந்து உட்காரும் அடுத்த உணர்ச்சி, அது நிம்மதியோ சந்தோஷமோ, வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். டால்ஃப் ஸில்மன் என்பவர் 1970களில் இதை விளக்கினார். படம் முடிந்து வெளியே வந்து குடிக்கிற டீ ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு இது பாதிப் பதில்.

மீதிப் பாதியை மிளகாய் சொல்கிறது. மேலே சொன்ன பால் ரோஸின்தான், மெக்சிகோவின் ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்து மிளகாயை ஆராய்ந்தார். அந்த ஊர்க் குழந்தைகள் நாலைந்து வயதுவரை காரத்தைத் துப்புகிறார்கள், அப்புறம் மெல்லமெல்ல விரும்ப ஆரம்பிக்கிறார்கள். அதே ஊர் நாய்களும் பன்றிகளும் தினமும் கார மிச்சத்தைத் தின்றுதான் வளர்கின்றன, ஆனாலும் காரமில்லாததையும் பக்கத்தில் வைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கின்றன. காரம் பிடித்துப்போன மனிதர்களிடம் எந்த அளவு பிடிக்கும் என்று சோதித்தால், தாங்க முடியாத அளவுக்கு ஒரு படி கீழே வந்து நிற்கிறார்கள். உடம்பு "ஆபத்து" என்று கத்துகிறது, மனசு "சும்மா இரு, ஒன்றுமில்லை" என்கிறது. இந்த ஜெயிப்பில்தான் சுகம் என்பது ரோஸினின் விளக்கம். ஆந்திரா மெஸ்ஸில் மூக்கொழுக ஊறுகாய் கேட்டு வாங்குபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பயத்தையும் இதேபோல அளந்து பார்த்தவர்கள் டென்மார்க்கில் இருக்கிறார்கள். வைலே என்ற ஊரில் பழைய தொழிற்சாலை ஒன்றைப் பேய் வீடாக மாற்றி டிக்கெட் போட்டு ஆட்களை விட்டார்கள். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 110 பேருக்கு நாடித்துடிப்புக் கருவி கட்டி உள்ளே அனுப்பினார்கள், முடிவு 2020இல் வெளிவந்தது. பயம் குறைவாக இருந்தவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மிக அதிகமாகப் பயந்தவர்களுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நடுவில் எங்கோ ஓர் உச்சம். அந்த உச்சம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே "எனக்குப் பிடிப்பது அவருக்கு ஏன் பிடிக்கவில்லை" என்று கணவன் மனைவி சண்டை போடுவது, "உனக்கு ஏன் சாம்பாரில் உப்பு அதிகம் வேண்டும்" என்று சண்டை போடுவதுபோல.

ஆனால் உடம்புக் கணக்கு மட்டும் போதாது. வெறும் படபடப்புதான் வேண்டுமென்றால் ராட்டினம் போதுமே. எந்தப் பயத்தைத் தேடிப் போகிறோம் என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் அச்சம் ஒன்று, அருவருப்பைச் சொல்கிற இளிவரல் ஒன்று, வெகுளி ஒன்று. அச்சம் நான்கு இடங்களில் பிறக்கும் என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் இன்றைக்கும் அப்படியே ஓடுகின்றன. பேய்ப் படம், சுறாவும் பாம்பும் வருகிற படம், கொள்ளை கொலைப் படம். கோல்டன் ஸ்க்ரிவ்னர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2021இல் இந்த இருட்டு ஆர்வத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அவருக்கும் வகை நான்குதான் கிடைத்தது: ஆபத்தான மனிதர்களின் மனம், வன்முறை, உடல் சிதைவு, அமானுஷ்யம். இரண்டு பட்டியலும் ஒன்றேதான் என்று சொல்ல மாட்டேன், அப்படி இழுத்துக் கட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. நான்காவதைப் பாருங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். தம் இறை. நமக்குமேல் அதிகாரம் உள்ளவன். தொல்காப்பியர் மனத்தில் அரசன் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் ஆவணத்தொடர்களில் கொலைகாரன் பெரும்பாலும் யார்? கணவன், காதலன், பக்கத்து வீட்டு நல்ல மனிதர்.

அது கதாசிரியர்களின் கற்பனையும் இல்லை. உலகம் முழுக்கக் கொல்லப்படும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் துணைவராலோ சொந்தக் குடும்பத்தாராலோ கொல்லப்படுகிறார்கள் என்று ஐ.நா.வின் குற்றத்தடுப்பு அலுவலகம் தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இப்போது இதைக் கேளுங்கள். அமாண்டா விக்கரி, கிறிஸ் ஃப்ரேலி என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நிஜக் கொலைகளைப் பற்றிய புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் விரும்புவது தெரிந்தது. போர், ரவுடிக் கும்பல் பற்றிய புத்தகங்களில் அப்படி இல்லை. அதிலும் அகப்பட்ட பெண் எப்படித் தப்பினாள், கொலைகாரன் மனத்தில் என்ன ஓடியது என்கிற விவரம் இருக்கும் புத்தகத்தைப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆபத்து வருவதற்கு முன்னால் அதன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிற பழக்கம் இது என்பது அவர்களுடைய ஊகம். ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் என் அறைக்கு வருகிற பெண்களிடம் எது பிடிக்கும் என்று கேட்டால், "அவன் எப்படிப் பேசி நம்ப வைக்கிறான்னு பார்ப்பேன் சார்" என்றுதான் அதிகம் பேர் சொல்கிறார்கள். வெட்டுகிற காட்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"இந்தக் காலத்தில்தான் இப்படி" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அவர்களிடம் கலிங்கத்துப்பரணியைக் கொடுங்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதை ஜெயங்கொண்டார் பாடியது, 900 வருடப் பழசு. அதில் போர் முடிந்த களத்தில் பேய்கள் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. சமைப்பதற்கு முன்னால் பல் விளக்க வேண்டும் அல்லவா, யானைத் தந்தத்தைக் குச்சியாக்கிப் பல் விளக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கச் சொல்கிறார் புலவர். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூடப் பந்தியில் இடம் உண்டு. அருவருப்பும் சிரிப்பும் ஒரே சட்டியில் கொதிக்கிறது. சோழ அரசனைப் புகழ்கிற காவியத்தில், கேட்டவர்கள் ரசித்த இடம் இது. சுத்த ரத்தக்களரி, ஆனால் முழுக்க வேலிக்குள்ளே.

நிஜக் கொலையைக் கேட்கிற ஆசையும் புதிதில்லை. 1952இல் சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தார் கொலையுண்டு, தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டிக்குள் ரயிலில் மானாமதுரைவரை போய்ச் சேர்ந்து, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஊரே அதைத்தான் பேசியது, விசாரணையை வேடிக்கை பார்க்க நீதிமன்றத்தில் கூட்டம் நெரிந்தது. அதற்கும் முன்பிருந்தே கொலைச்சிந்து என்று ஒன்று இருந்தது. எங்கேயாவது கொலை விழுந்தால், அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். உங்கள் ஹெட்போனில் ஓடுவதும் அதுதான், ராகம் மட்டும் மாறியிருக்கிறது.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கேலி செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன பார்க்கிறார் என்று எழுதவில்லை. நம்முடைய சராசரி கமர்ஷியல் படத்தில் இடைவேளைக்குள் முப்பது பேருக்கு எலும்பு முறிகிறது. அதை யாரும் வன்முறை என்று எண்ணுவதில்லை, சண்டைக்காட்சி என்றுதான் சொல்வார்கள். காரணம், அடிபடுகிறவன் அடிபட வேண்டியவன் என்று படம் முதலிலேயே நம்மைச் சம்மதிக்க வைத்துவிடுகிறது. திரையில் ஒருவன் துன்பப்படும்போது நமக்கு இனிப்பதும் கசப்பதும் அவன் அதற்குத் தகுதியானவன் என்று நாம் நினைக்கிறோமா என்பதைப் பொறுத்தது. இதுவும் ஸில்மன் காட்டியதுதான், இதில் பெரிய சந்தேகம் யாருக்கும் இல்லை. படுகளத்தில் என் பாட்டி குலவை போட்டது ரத்தத்துக்காக அல்ல. சபையில் ஒரு பெண்ணின் சேலையை இழுத்ததற்குப் பதில் கிடைத்ததற்காக. அந்தக் கணக்கு நிஜ வாழ்க்கையில் தீர்வதே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனிச் சந்தேகமான பகுதி. "இதையெல்லாம் பார்த்தால் உள்ளே இருக்கிற கோபம் வடிந்துவிடும், நல்லதுதான்" என்று ஒரு கட்சி உண்டு. அரிஸ்டாட்டில் சோக நாடகத்தைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லிலிருந்து கிளம்பியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் நம்புவதில்லை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட பரிசோதனையில், வேண்டுமென்றே கோபமூட்டப்பட்ட மாணவர்களைக் குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆகவே உங்கள் கற்பனை கோபத்தைத் தணிக்கிறது என்று ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. அது பாவமில்லை, மருந்தும் இல்லை. அன்றைக்கு அந்தப் படத்தை ஒரு தடவை ஓட்டிவிட்டு மறந்துவிட்டீர்களா, திரும்பத் திரும்ப ஓட்டினீர்களா என்றுதான் நான் கேட்பேன். திரும்ப ஓட்டுவது புண்ணைச் சொறிவதுபோல.

எதிர்க்கட்சி, "பார்த்தால் அதையே செய்வார்கள்" என்கிறது. இதில் ஐம்பது வருடமாக வழக்கு நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சின்னச் சின்ன விளைவுகள் தெரிகின்றன என்று ஒரு குழு, அதெல்லாம் அளக்கும் முறையில் உள்ள கோளாறு என்று இன்னொரு குழு. வீடியோ கேம் விஷயத்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் 2019இல் பிரிட்டனில் ஏறக்குறைய ஆயிரம் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நிஜக் குற்றத்துக்குப் படத்தைக் காரணம் காட்டுகிற டிவி விவாதங்களை நான் பார்ப்பதில்லை. வளர்ந்தவர்களுக்குப் பெரிய ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்பது என் வாசிப்பு. சின்னக் குழந்தைகள் வேறு. வேலி கட்டத் தெரிந்தால்தான் அது வேலி. ஐந்து வயதுக் குழந்தைக்குத் திரையில் நடப்பதும் வாசலில் நடப்பதும் இன்னும் சரியாகப் பிரியவில்லை. தியேட்டரில் 'ஏ' படத்துக்குக் கைக்குழந்தையோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் படத்தைவிட அதுதான் திகிலாக இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஸ்க்ரிவ்னர் குழுவே கொரோனா முதல் அலையின்போது சுமார் 300 பேரிடம் விசாரித்ததில், திகில் பட ரசிகர்களுக்கு அந்த நாள்களில் மனக்கலக்கம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பயத்தோடு பழகியவர்களுக்குப் பயம் வந்தபோது கை நடுங்கவில்லை என்று படிக்கலாம். இயல்பிலேயே நடுங்காதவர்கள்தான் அந்தப் படங்களுக்குப் போகிறார்கள் என்றும் படிக்கலாம். ஒரே ஒரு தடவை எடுத்த கணக்கு அது.

என் அறையில் நான் எதைக் கவனிப்பேன் என்று சொன்னேனே. சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞரை அவருடைய அக்கா அழைத்து வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). திகில் படம் என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் போனில், விபத்து, வெட்டுக்குத்து, சிசிடிவியில் பதிவான கொலை என்று வாட்ஸப் குழுக்களில் வருகிற நிஜக் காட்சிகள் நூற்றுக்கணக்கில். ராத்திரி இரண்டு மணிவரை பார்ப்பார். பிடிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல சார். ஆனா பாக்காம இருக்க முடியல." நாலு மாதத்துக்கு முன் அவருடைய நண்பர் பைக்கில் போய் இறந்திருக்கிறார், உடலை அடையாளம் காட்டியது இவர். மற்றவர்களின் சாவைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு சாவை மரத்துப்போக வைக்கப் பார்த்திருக்கிறார். அது மரத்துப்போகவில்லை, மற்ற எல்லாம் மரத்துவிட்டது, அக்கா குழந்தை சிரித்தால்கூட. ரத்தம் குறைவாக இருக்கலாம், ஆனால் அங்கே வேலி இல்லை. இசை இல்லை, கதை இல்லை, முடிவு இல்லை, அளவும் அவர் கையில் இல்லை. அவரோடு வேலை செய்தது வீடியோக்களைப் பற்றி அல்ல, நண்பரைப் பற்றி.

ஆகவே ஒருவர் எவ்வளவு கொடூரமானதைப் பார்க்கிறார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா, போகப்போக அதிகக் காரம் கேட்கிறதா, பார்த்து முடித்தபின் வீட்டு மனிதர்களிடம் சாதாரணமாகப் பேச வருகிறதா, கதையில் யார் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான் கேட்பேன். துடிப்பவரைப் பார்த்துத் துடிப்பதற்காகவே சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, மிகக் குறைவு, அவர்கள் "எனக்குள் ஏதாவது கெட்டது இருக்கிறதா" என்று ராத்திரி பதினொரு மணிக்கு முகம் தெரியாதவர்களிடம் எழுதிக் கேட்பது அபூர்வம்.

தூக்கத்துக்கு வருகிறேன். கொலைக்கதை எப்படித் தாலாட்டாகும்? நாள் முழுக்க உங்கள் தலைக்குள் ஓடுகிற கவலைகளுக்கு முடிவு கிடையாது. ஸ்கூல் ஃபீஸ், மாமியார் சொன்ன சொல், நாளைக்கு என்ன டிபன். அந்தத் தொடரில் ஒரே ஒரு கவலை, அதுவும் வேறொருவருடையது, ஐம்பது நிமிடத்தில் கைவிலங்கோடு முடிகிறது. சொல்கிற குரலும் ஏற்ற இறக்கம் இல்லாத, பழகிய குரல். இது என் ஊகம்தான், ஆனால் தூங்குவதற்காக இதைப் பார்க்கிறவர்கள் பலர் ஏற்கெனவே பார்த்த எபிசோடையே திரும்பப் போடுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். திகில் தேடுபவர் அப்படிச் செய்ய மாட்டார். கெட்ட கனவு வராமல், காலையில் தெளிவாக எழ முடிந்தால் அதை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. இரண்டு சின்ன விஷயம்: அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை அணைத்து வையுங்கள், நீங்கள் தூங்கிய பிறகு யார் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், குழந்தை அழுதால் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த வேண்டாத ஒருவர். அவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம். ஆபீஸில் குடைச்சல் தருகிற மேனேஜராகவோ, நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிய நாத்தனாராகவோ இருந்தால், அன்றைக்கு உங்களால் திருப்பிச் சொல்ல முடியாமல் போன வாக்கியம் எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கற்பனையைவிட அது உபயோகம். அவர் ஒரே வீட்டில் இருப்பவராகவும், உங்கள்மேல் கை வைப்பவராகவும், அவர் வருகிற சத்தம் கேட்டாலே உங்களுக்கு வயிறு சுருங்குவதாகவும் இருந்தால், நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கான பதில் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மனசைப் பற்றி மட்டும் பேச வேண்டுமென்றால் 14416, அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். என்ன தொடர் பார்க்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.